ஊரைக் கூட்டிய சர்க்கஸ்காரர்

நியூயார்க்கிலிருந்து நியூஹேவன் நகருக்கு ரயில் போய்க்கொண்டிருக்கிறது. பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரை நெருங்கும்போது, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் திடீரென்று கூவுகிறார்கள். மற்றவர்களும் எழுந்து அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

வெளியே, தண்டவாளத்தை ஒட்டி ஒரு வயல். அந்த வயலில் ஒரு யானை ஏர் உழுகிறது!

அமெரிக்காவில் குதிரை உழும். மாடு உழும். யானை உழுததை யார் பார்த்தார்கள்? யானைக்குப் பக்கத்தில் கீழ்நாட்டு உடை அணிந்த பாகன் நடக்கிறான். ரயில் கடந்து போகும்வரை யானை உழுதுகொண்டே இருக்கிறது.

அடுத்த ரயில் வந்தபோதும் யானை உழுதது. அதற்கு அடுத்த ரயில் வந்தபோதும் உழுதது. காரணம் வேறொன்றுமில்லை. பாகனிடம் ரயில் நேர அட்டவணை கொடுக்கப்பட்டிருந்தது. எந்த ரயில் எப்போது வரும் என்று பார்த்து, சரியாக அந்த நேரத்தில் யானையை ஏரில் பூட்டி ஓட்ட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. இருந்ததோ ஆறு ஏக்கர் நிலம். அதையே திரும்பத் திரும்ப உழுதார்கள்.

ரயிலில் போனவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். பத்திரிகைகள் எழுதின. படமும் போட்டன. விவசாய சங்கங்களிலிருந்து கடிதங்கள் குவிந்தன. யானை எவ்வளவு தின்னும், ஒரு நாளில் எவ்வளவு உழும், விலை என்ன, அதை வாங்கினால் லாபமா என்று கேட்டார்கள். முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது. யாராவது உண்மையாகவே யானை வாங்கி நஷ்டப்பட்டால் பழி தன் தலையில் அல்லவா விழும்! யானை வாங்க வேண்டாம், அது உழைத்து அதன் தீனிக்குக்கூடக் கட்டாது, குளிர்காலத்தில் வேலையே செய்யாது என்று ஒரு கடிதம் தயாரித்து, இரகசியம் என்று குறித்து, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். தன்னுடைய ஜோடி மாடு இந்த யானையைவிட அதிகம் இழுக்கும் என்று வாதாடினார். இருக்கலாம், ஆனால் இரண்டு கோடி ஜனங்களைத் தன் காட்சிசாலைப் பக்கம் இழுக்க அந்த மாடுகளால் முடியுமா என்று முதலாளி திருப்பிக் கேட்டார்.

அந்த முதலாளியின் பெயர் பார்னம். முழுப் பெயர் பினியாஸ் டெய்லர் பார்னம். சர்க்கஸ் என்றால் கூடாரத்துக்குள் நடப்பது மட்டும் அல்ல, கூடாரம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஊருக்குள் ஆரம்பமாகிவிடுவது என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர்.

சொத்து என்று ஒரு சேறு

1810-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி, கனெக்டிகட் மாநிலத்தில் பெத்தேல் என்ற சிறிய ஊரில் பார்னம் பிறந்தார். தாயின் தகப்பனார் பெரிய குறும்புக்காரர். யாரையாவது ஏமாற்றிச் சிரிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. பேரனுக்குப் பெயர் வைத்தபோது, ஐவி தீவு என்ற ஐந்து ஏக்கர் நிலத்தை அவன் பெயருக்கு எழுதி வைத்தார். ஊரே சேர்ந்து பையனிடம் அந்தச் சொத்தின் பெருமையைப் பாடியது. தான் பெரிய பணக்காரன் என்றே பையன் நம்பி வளர்ந்தான்.

பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு நாள் ஆசையோடு அதைப் பார்க்கப் போனான். அது ஒன்றுக்கும் உதவாத சதுப்பு நிலம்! குளவி கொட்டியதும் சேற்றில் விழுந்து எழுந்ததும்தான் மிச்சம். திரும்பி வந்தபோது ஊரே சிரித்தது. ஊரைச் சிரிக்கவைக்க ஒரு பொய்யைப் பல வருஷம் கட்டிக் காக்க முடியும் என்று அந்தப் பையன் அன்று கற்றுக்கொண்டான்.

பதினைந்து வயதில் தகப்பனார் இறந்துபோனார். விட்டுப் போனது கடன். பையன் கடையில் வேலை செய்தான். பிறகு சொந்தக் கடை வைத்தான். லாட்டரிச் சீட்டு விற்றான். 19-வது வயதில் சாரிட்டி ஹாலட் என்ற பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டான். 1831-ல் ஒரு வாரப் பத்திரிகையும் ஆரம்பித்துவிட்டான்.

பத்திரிகையில் சும்மா இருப்பாரா? கோவில் பெரியவர் ஒருவர் அனாதைப் பையனிடம் அநியாய வட்டி வாங்கினார் என்று எழுதினார். அவதூறு வழக்கு வந்தது. 60 நாள் சிறை, 100 டாலர் அபராதம்.

1832 டிசம்பரில் விடுதலையானார். வேறு ஒருவராயிருந்தால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். பார்னம் அப்படிப் போகவில்லை. தண்டனை விதித்த அதே நீதிமன்ற மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பிரசங்கம், பாட்டு, விருந்து எல்லாம் நடந்தன. பிறகு ஆறு குதிரை பூட்டிய வண்டியில், வாத்தியக்காரர்களோடு பார்னம் ஏறி உட்கார்ந்தார். முன்னால் 40 குதிரை வீரர்கள். பின்னால் 60 வண்டிகள். பீரங்கி முழங்கியது. மூன்று மைல் ஊர்வலமாக வீடு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் ஊர் ஊராகச் சர்க்கஸ் ஊர்வலம் விட்டவருக்கு, தன் சிறைவாசமே முதல் ஊர்வலம் ஆயிற்று.

ஒரு கிழவியின் துயரம்

பார்னத்தின் வாழ்க்கையில் வெட்கப்பட வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

1835-ல் ஜாய்ஸ் ஹெத் என்ற நீக்ரோ அடிமைக் கிழவியைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். கண் தெரியாது. கை கால் விளங்காது. அவளுக்கு வயது 161, அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனைக் குழந்தையாகத் தூக்கி வளர்த்தவள் என்று சொல்லி ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார். அவளைக் காட்டும் உரிமையைப் பார்னம் 1,000 டாலருக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கொண்டுபோனார். அந்தக் கிழவி நாள் முழுவதும் ஜனங்கள் முன்னால் பேச வேண்டும், பாட வேண்டும்.

போஸ்டன் நகரில் கூட்டம் குறைந்தது. உடனே பத்திரிகைக்கு ஒரு கடிதம் போயிற்று. அது மனுஷியே அல்ல, திமிங்கில எலும்பும் ரப்பரும் கொண்டு செய்த பொம்மை, யாரோ மறைந்திருந்து குரல் கொடுக்கிறார்கள் என்று அந்தக் கடிதம் சொன்னது. ஏற்கெனவே பார்த்தவர்களும் மறுபடி காசு கொடுத்து வந்தார்கள். மனுஷியா பொம்மையா என்று பார்க்க வேண்டுமே!

1836 பிப்ரவரியில் கிழவி இறந்தாள். அப்போதாவது விட்டார்களா? அவள் உடலை டாக்டர் அறுத்துப் பார்ப்பதையும் காட்சியாக்கினார் பார்னம். ஆளுக்கு 50 சென்ட் டிக்கெட். சுமார் 1,500 பேர் வந்தார்கள். அவளுக்கு 80 வயதுக்கு மேல் இராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒரு அடிமைப் பெண்ணுக்குச் செத்த பிறகும் ஓய்வு கிடைக்கவில்லை.

பல வருஷம் கழித்து, 1865-ல், பார்னம் தன் மாநிலச் சட்டசபையில் உறுப்பினரானார். நீக்ரோக்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று அங்கே பேசினார். தானும் ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்த பாவத்தை அந்தப் பேச்சில் ஒப்புக்கொண்டார். ஜாய்ஸ் ஹெத்துக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

உயிர் போகப் பார்த்த பாடம்

1836-ல் ஆரன் டர்னர் என்பவரின் சர்க்கஸில் டிக்கெட் விற்பவராகவும் கணக்கராகவும் பார்னம் சேர்ந்தார். குதிரை வண்டிகளில் ஊர் ஊராகப் போகும் சிறிய சர்க்கஸ். அனாபொலிஸ் என்ற ஊரில் நடந்ததைப் பார்னமே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சற்றுக் காரம் மசாலா சேர்த்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் கேட்க வேண்டிய கதை.

அந்த ஊரில் பார்னம் ஒரு புதுக் கறுப்பு உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கம்பீரமாக நடந்தார். டர்னர் அவரைச் சுட்டிக் காட்டி, பக்கத்தில் நின்றவர்களிடம் ஒரு பொய் சொன்னார். ஒரு மில் தொழிலாளிப் பெண்ணைக் கொன்றதாக வழக்காடப்பட்டு, விடுதலையான பாதிரியார் ஒருவர் அப்போது இருந்தார். விடுதலை ஆனாலும் அவர்தான் கொலைகாரர் என்று ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதிரியார் இவர்தான் என்று டர்னர் சொல்லிவிட்டார்!

சிறிது நேரத்தில் நூறு பேர் பார்னத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். புதுக் கோட்டு கிழிந்தது. அடித்து நொறுக்கத் தயாரானார்கள். தன்னை டர்னரிடம் கொண்டுபோகும்படி பார்னம் கெஞ்சினார். டர்னர் சிரித்துக்கொண்டே, ஏதோ தவறு நடந்துவிட்டது, இவர் நம்முடைய பார்னம் என்றார். கூட்டம் கலைந்தது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பார்னம் கொதித்தார். எல்லாம் நம் நன்மைக்குத்தான், இன்று ஊர் முழுவதும் நம்மைப் பற்றியே பேசும், நாளைக்குக் கூடாரம் நிரம்பும் என்றார் டர்னர். அப்படியே நிரம்பியது. அந்தப் பாடத்தைப் பார்னம் கடைசிவரை மறக்கவில்லை.

ஐந்து செங்கல்

1841-ல் நியூயார்க்கில் ஒரு பழைய பொருட்காட்சிசாலை விலைக்கு வந்தது. பார்னத்தின் கையில் காசு இல்லை. கடனுக்கு ஈடாகக் காட்டிய சொத்துக்களில் ஒன்று எது தெரியுமா? தாத்தா எழுதி வைத்த அந்தச் சேற்று நிலம்! காட்சிசாலை கைக்கு வந்துவிட்டது.

அங்கே அவர் செய்த தந்திரங்கள் ஒன்றிரண்டல்ல. ஒருநாள் ஒரு ஆளிடம் ஐந்து செங்கல் கொடுத்தார். சுற்றிலும் உள்ள தெரு முனைகளில் ஒவ்வொரு செங்கல் வைக்க வேண்டும். ஐந்தாவது செங்கலைக் கையில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்து, ஒவ்வொரு முனையிலும் செங்கலை மாற்றி வைக்க வேண்டும். யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. மணிக்கு ஒரு தடவை காட்சிசாலைக்குள் டிக்கெட் காட்டி நுழைந்து, சுற்றிவிட்டு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. அரை மணியில் அவன் பின்னால் நூற்றுக்கணக்கான பேர் திரண்டுவிட்டார்கள். அவன் உள்ளே போனதும் பலர் டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். தெருவில் நெருக்கடி தாங்காமல் சில நாளில் போலீசார் வந்து நிறுத்தச் சொன்னார்கள்.

மாடியில் ஒரு வாத்தியக் கோஷ்டி இலவசமாக வாசித்தது. வேண்டுமென்றே மட்டமான வாத்தியக்காரர்களாகப் பார்த்துப் பிடித்திருந்தார். அந்தச் சத்தம் தாங்காமலாவது ஜனங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே ஓடி வரட்டும் என்பது கணக்கு.

1842-ல் குரங்கையும் மீனையும் சேர்த்துத் தைத்த ஒன்றைக் கடல் கன்னி என்று காட்டினார். அதே வருஷம் சார்லஸ் ஸ்டிராட்டன் என்ற குள்ளப் பையன் கிடைத்தான். உயரம் 25 அங்குலம். ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. வயது பதினொன்று, இங்கிலாந்திலிருந்து வந்தவன் என்று பார்னம் நோட்டீஸ் போட்டார். டாம் தம்ப் என்று பெயர் சூட்டினார். 1844-ல் லண்டனுக்குக் கொண்டுபோய் விக்டோரியா ராணியின் முன்னாலேயே நிறுத்திவிட்டார். அந்தப் பையன் பெரிய பணக்காரனானான். பின்னாளில் ஒரு கடிகாரக் கம்பெனியை நம்பிப் பார்னம் திவாலானபோது, தானே முன்வந்து உதவியவர்களில் அவனும் ஒருவன்.

1850-ல் ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்டை ஒரு கச்சேரிக்கு 1,000 டாலர் என்று பேசி அழைத்தார். ஒப்பந்தம் ஆன பிறகு ரயிலில் போகும்போது கண்டக்டரிடம் பெருமையாகச் சொன்னார். யார் அது, நாட்டியக்காரியா என்று கேட்டார் கண்டக்டர். பார்னத்துக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு மாதம் விடாமல் பத்திரிகைகளில் எழுதவைத்தார். அந்த அம்மாள் கப்பலில் வந்து இறங்கியபோது துறைமுகத்தில் பல்லாயிரம் பேர் நின்றார்கள். கச்சேரிகளில் 7 லட்சம் டாலருக்கு மேல் வசூல்.

இதற்கிடையே இலங்கைக்கும் ஆள் அனுப்பியிருந்தார். 1851-ல் இலங்கைக் காடுகளிலிருந்து 10 யானைகள் கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்தன. ஜோடி ஜோடியாக வண்டியில் பூட்டி, நகரின் பெரிய வீதி வழியாக ஊர்வலம் விட்டார். பிறகு அந்த யானைகளும் மற்ற மிருகங்களும் நான்கு வருஷம் ஊர் ஊராகப் போயின. கடைசியில் எல்லாவற்றையும் விற்றபோது ஒரே ஒரு யானையை வைத்துக்கொண்டார். வயல் உழுத யானை அதுதான்.

சர்க்கஸ் வருகிறது!

1865-ல் காட்சிசாலை தீயில் எரிந்து போயிற்று. மறுபடி கட்டினார். 1868-ல் அதுவும் எரிந்தது. அறுபதை நெருங்கிய மனிதர், இனிப் போதும் என்று ஓய்ந்து உட்கார்ந்தார். கூப், காஸ்டெல்லோ என்ற இரண்டு சர்க்கஸ்காரர்கள் அவரை விடவில்லை. 1871 ஏப்ரல் 10-ந் தேதி, புரூக்லினில் பார்னத்தின் பெயரில் பிரம்மாண்டமான சர்க்கஸ் ஆரம்பமாயிற்று.

அதுவரை சர்க்கஸ் பெரும்பாலும் குதிரை வண்டிகளில்தான் போகும். ஒரு இரவில் பதினைந்து, இருபது மைல் போனால் பெரிது. அதனால் வழியில் உள்ள பட்டிதொட்டி எல்லாவற்றிலும் கூடாரம் அடிக்க வேண்டும். அங்கே வசூல் ஏது? 1872-ல் கூப்பின் யோசனைப்படி சர்க்கஸ் முழுவதையும் ரயிலில் ஏற்றினார்கள். இப்போது ஒரே இரவில் நூறு மைல் தாண்டலாம். சிற்றூர்களை விட்டுவிட்டு, ரயில் நிற்கும் டவுன்களில் மட்டும் இறங்கலாம். சிற்றூர் ஜனங்களை அந்த டவுனுக்கு வரவழைத்தால் போதும். அதற்காக ரயில் கம்பெனிகளோடு பேசி, சலுகைக் கட்டணத்தில் தனி ரயில்கள் விடச் செய்தார்கள். ஐம்பது அறுபது மைலுக்கு அப்பாலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

ஆனால் ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கும் விவசாயிக்குச் சர்க்கஸ் வருவது எப்படித் தெரியும்? ரேடியோ கிடையாது. பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போகாது. இங்கேதான் சர்க்கஸ் விளம்பரக்காரர்களின் சாமர்த்தியம் முழுவதும் வெளிப்பட்டது.

மூன்று நான்கு வாரத்துக்கு முன் ஒரு நாள், பளிச்சென்று வர்ணம் அடித்த ஒரு தனி ரயில் பெட்டி டவுன் ஸ்டேஷனில் வந்து நிற்கும். அதற்குள் கட்டுக் கட்டாக வர்ணச் சுவரொட்டிகள். ஆட்கள் படுக்கப் பலகைகள். மூலையில் ஒரு நீராவிக் கொப்பரை. அதில் மாவும் தண்ணீரும் கொதித்துப் பசை தயாராகிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் ஆட்கள் பசை வாளியும் நீளத் துடைப்பமும் எடுத்துக்கொண்டு, வாடகைக் குதிரை வண்டிகளில் நாலா திசையிலும் கிளம்புவார்கள்.

பாதை ஓரத்தில் எந்த விவசாயியின் தானியக் கொட்டகையைக் கண்டாலும் வண்டி நிற்கும். சுவரில் படம் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கூலியாகக் காசு தருவதில்லை. சர்க்கஸுக்கு இலவச டிக்கெட் தருவார்கள். கொல்லன் பட்டறை, மளிகைக் கடை, வேலி, பாலம், ஒன்றும் தப்பாது. காலையில் வெறும் பலகையாக இருந்த கொட்டகையில் சாயங்காலம் சிங்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். விவசாயி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு படத்தைக் கிழித்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சில நாள் கழித்து வேறு ஒரு ஆள் அதே பாதையில் வந்து, படம் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வான். படம் இல்லாவிட்டால் டிக்கெட் செல்லாது.

வர்ணப் படமே அபூர்வமாக இருந்த காலம் அது. எழுத்துத் தெரியாதவனும் அந்தப் படங்களைப் படித்தான். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கொட்டகைச் சுவருக்கு எதிரில் நின்று, எந்த மிருகம் பெரிது என்று சண்டை போட்டார்கள். அம்மாவிடம் காசு கேட்டு நச்சரித்தார்கள். சுவரொட்டிக்காரன் போய் வெகு நாள் ஆனாலும், வீட்டுக்கு வீடு அவனுக்காக வேலை செய்ய இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்!

முதல் பெட்டிக்குப் பின்னால் இரண்டாவது பெட்டி வரும். கிழிந்த இடத்தில் மறுபடி ஒட்டும். கடை ஜன்னல்களில் படம் வைக்கும். பத்திரிகைத் தொடர்புக்கென்று இருந்தவர் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியரைப் பார்த்து, விளம்பரப் பணத்தோடு குடும்பத்துக்கே இலவச டிக்கெட்டும், தானே எழுதிய கட்டுரையும் கொடுத்துவிட்டுப் போவார். சர்க்கஸ் பார்ப்பது பாவம் என்று சொல்லும் பக்தர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்களுக்காக, இது வெறும் கூத்து அல்ல, உலகத்து மிருகங்களைக் குழந்தைகளுக்குக் காட்டும் பள்ளிக்கூடம் என்று நோட்டீஸில் போடுவார்கள். பக்தர்களும் மிருகங்களைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வந்து, குதிரைச் சவாரியையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

போட்டிச் சர்க்கஸ் முன்னால் வந்துவிட்டால் சண்டைதான். ஒருவர் படத்தின் மேல் ஒருவர் படம் ஒட்டுவார்கள். இன்னும் சில நாள் பொறுங்கள், பெரிய சர்க்கஸ் பின்னால் வருகிறது, காசை வீணாக்காதீர்கள் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்கள்.

கடைசியில் அந்த நாள் வரும். விடியுமுன் ரயில் வந்து நிற்கும். தூங்காமல் காத்திருந்த பையன்கள் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். யானைக்குத் தண்ணீர் சுமந்தால் இலவச டிக்கெட் கிடைக்கும் என்று ஒரு பேச்சு. சுமந்தவனுக்குத்தான் தெரியும், யானை எவ்வளவு குடிக்கும் என்று!

காலை பத்து மணி வாக்கில் ஊர்வலம். முதலில் ஒரு ஆள் குதிரையில் வருவான். யானை வருகிறது, குதிரைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சத்தம் போடுவான். அது விளம்பரம் மட்டும் அல்ல, உண்மையான எச்சரிக்கை. யானையைக் கண்டு மிரண்ட குதிரை வண்டியோடு ஓடிவிடும். பின்னால் தங்க வர்ண வண்டியில் வாத்தியக்காரர்கள், கூண்டு வண்டிகள், கோமாளிகள், ஒட்டகங்கள், யானைகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் கலையோப் என்ற நீராவி வாத்தியம். 1855-ல் ஒருவர் கண்டுபிடித்தது. நீராவி ஊதல்களை வரிசையாகப் பொருத்திப் பாட்டு வாசிப்பார்கள். மைல் கணக்கில் கேட்கும். இனிமை குறைவு, சத்தம் அதிகம். ஊர்வலம் சர்க்கஸ் மைதானத்துக்குத் திரும்பும்போது, ஊரே அந்தச் சத்தத்தின் பின்னால் போகும். டிக்கெட் ஜன்னல் அங்கேதான் இருக்கும்.

பார்னமும் சில ஊர்களுக்கு வருவார். வண்டியில் ஏறி வளையத்தைச் சுற்றி வந்து கும்பிடு போடுவார். பலர் யானையைப் பார்க்க வந்ததைப் போலவே பார்னத்தைப் பார்க்கவும் வந்தார்கள். அவருடைய சுயசரிதையும் மைதானத்திலேயே விலைக்குக் கிடைத்தது.

திரும்பி வராத பலூன்

மைதானத்தில் கூட்டம் சேர்க்க இலவச வேடிக்கை ஒன்றும் உண்டு. 1874-லும் 1875-லும் டொனால்ட்சன் என்ற பலூன்காரரைப் பார்னம் அமர்த்தியிருந்தார். அவர் ஊர் ஊராக ஆகாயத்தில் ஏறிக் காட்டுவார். பத்திரிகை நிருபர்களையும் கூட ஏற்றிக்கொள்வார். மேலே போய் வந்த நிருபர் சும்மா இருப்பாரா? பத்தி பத்தியாக எழுதுவார். பைசாச் செலவு இல்லாத விளம்பரம்.

1875 ஜூலை 15-ந் தேதி, சிகாகோ நகரில் பலூன் ஏறியது. டொனால்ட்சனும் ஒரு இளம் நிருபரும் அதில் இருந்தார்கள். பலூன் மிச்சிகன் ஏரியின் மேல் போயிற்று. இரவில் புயல் அடித்தது. பலூன் திரும்பவில்லை. ஒரு மாதம் கழித்து நிருபரின் உடல் கரை ஒதுங்கியது. டொனால்ட்சன் என்ன ஆனார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

தோல்வியும் கூட்டும்

1880 மார்ச்சில், பிலடெல்பியாவில் போட்டிச் சர்க்கஸ் ஒன்றில் யானைக் குட்டி பிறந்தது. அந்தச் சர்க்கஸின் முதலாளிகளில் ஒருவர் ஜேம்ஸ் பெய்லி. குட்டியை 1 லட்சம் டாலருக்குத் தரமுடியுமா என்று பார்னம் தந்தி கொடுத்தார். பெய்லி மறுத்தார். மறுத்ததோடு நிற்கவில்லை. அந்தத் தந்தியையே பெரிதாக அச்சடித்துச் சுவர் எல்லாம் ஒட்டிவிட்டார். எங்கள் குட்டியின் மதிப்பு என்ன என்று பார்னமே சொல்கிறார் பாருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

வல்லவனுக்கு வல்லவன் வந்துவிட்டான் என்று பார்னத்துக்குப் புரிந்தது. கோபப்படவில்லை. கூட்டுச் சேர்ந்துகொண்டார். 1881-ல் இரண்டு சர்க்கஸும் ஒன்றாயின. ஒரே கூடாரத்தில் மூன்று வளையம்! கூச்சம் மிகுந்த பெய்லி உள்ளே இருந்து நிர்வாகம் பார்த்தார். பார்னம் வெளியே நின்று பேசினார்.

1882-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையிலிருந்து ஜம்போ என்ற ஆப்பிரிக்க யானையை 10,000 டாலருக்கு வாங்கினார்கள். லண்டன் குழந்தைகள் அதன் முதுகில் சவாரி செய்து வளர்ந்தவர்கள். இங்கிலாந்தே கொதித்தது. யானையோ கிளம்ப மறுத்துத் தெருவில் படுத்துக்கொண்டது. என்ன செய்வது என்று ஏஜண்டு தந்தி அடித்தார். எத்தனை நாள் வேண்டுமானாலும் படுத்திருக்கட்டும், இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்று பார்னம் பதில் கொடுத்தார். ஏப்ரலில் ஜம்போ நியூயார்க் வந்து இறங்கியது. சுவரொட்டியில் அதன் வயிற்றுக்குக் கீழே குதிரை வண்டி போவதுபோல் படம் போட்டார்கள். அவ்வளவு உயரம் ஜம்போ இல்லை. ஆனாலும் பார்த்தவர்கள் யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. தந்திரத்தால் ஒருவனை ஒரு தடவை வரவழைக்கலாம், கொடுத்த காசுக்குச் சரக்கு இருந்தால்தான் மறுபடி வருவான் என்பது பார்னத்தின் கொள்கை.

1884 மே மாதம், புதிதாகக் கட்டிய புரூக்லின் பாலம் பலமானதா என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். ஜம்போவோடு சேர்த்து 21 யானைகளைப் பாலத்தின் மேல் நடத்திக் காட்டினார் பார்னம். பாலத்துக்கும் நல்ல பெயர், சர்க்கஸுக்கும் நல்ல பெயர்.

1885 செப்டம்பர் 15-ந் தேதி, கனடாவில் செயின்ட் தாமஸ் என்ற சிறிய டவுன். ஆட்டம் முடிந்து, ஜம்போவைத் தண்டவாளத்தின் வழியே அதன் ரயில் பெட்டிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். எதிர்பாராமல் சரக்கு ரயில் ஒன்று வந்து மோதியது. ஜம்போ அங்கேயே உயிர்விட்டது. பல வருஷம் கூடவே இருந்த பாகன் ஸ்காட் அதன் பக்கத்தில் விழுந்து அழுதார்.

ஒரு குட்டி யானையைக் காப்பாற்றப் போய் ஜம்போ தன் உயிரைக் கொடுத்தது என்று பார்னம் பத்திரிகைகளுக்குச் சொன்னார். அது அவருடைய கற்பனை. பிறகு தோலைப் பாடம் பண்ணி ஒரு ஜம்போ, எலும்புக் கூடாக ஒரு ஜம்போ என்று ஒன்றை இரண்டாக்கி ஊர் ஊராகக் காட்டினார். லண்டனிலிருந்து ஆலிஸ் என்ற பெண் யானையையும் வரவழைத்து, ஜம்போவின் விதவை என்று பக்கத்தில் நிறுத்தினார். ஐம்பது வருஷத்துக்கு முன் ஜாய்ஸ் ஹெத்துக்கு நடந்தது இப்போது யானைக்கு நடந்தது. ஜனங்கள் இப்போதும் டிக்கெட் வாங்கினார்கள். அந்த டவுனில் 1985-ல் ஜம்போவுக்குச் சிலை வைத்தார்கள்.

படித்துவிட்டுப் போனவர்

1890-ன் கடைசியில் பார்னம் நோயில் படுத்தார். வயது எண்பது. தான் இறந்த பிறகு பத்திரிகைகள் என்ன எழுதும் என்று பார்க்க முடியாதே என்ற ஒரு குறை அவருக்கு இருந்தது. நியூயார்க் மாலைப் பத்திரிகை ஒன்று அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது. 1891 மார்ச் 24-ந் தேதி, அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் அனுமதியோடு, மரணச் செய்தியைப் படங்களுடன் நீளமாக வெளியிட்டது.

பிரிட்ஜ்போர்ட் வீட்டில் படுக்கையில் இருந்தபடி பார்னம் அதைப் படித்து ரசித்தார். இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 7-ந் தேதி, காலமானார். அப்போது நியூயார்க்கில் அவருடைய சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது.